கத்தி எந்தக் கையில்

ஒஸ்லோ
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள மச்சாள்,

மை டப்பாக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பட்டறை மேசையிலேயே இதை எழுதுகிறேன். தொலைபேசி எடுத்தால், மீன் தொழிற்சாலை இயந்திரங்கள் கெடுத்து வைத்திருக்கிற உங்கள் காதுக்காக நான் கத்த வேண்டும். பக்கத்து அறையில் உள்ளவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். ஆகவே வழக்கம்போலக் கடிதம்.

எங்கள் அச்சுப் பட்டறைக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் ஓவியர் வருகிறார், வைகாசி வரை தங்கி வேலை செய்வார் என்று கோடையில் வடக்கே உங்களிடம் வந்தபோது சொன்னேன். "இரசாயனம் படிச்ச பிள்ளை மை கரைக்குது, அதைப் பார்க்க அமெரிக்காவிலையிருந்தும் வருகினமோ" என்று அண்ணா கேட்டார். வந்துவிட்டார். பெயர் லாலே. ஐம்பது வயது இருக்கும். இஸ்ஃபஹானில் பிறந்தவர். ஏழு வயதில் தாயோடு அமெரிக்காவுக்குப் போய், கிளீவ்லண்ட் நகரத்தில் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் வளர்ந்திருக்கிறார். தாய் அங்கே சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவர். ஒருநாள் தாய் பார்க்காத நேரம், லாலே ஒரு மேப்பிள் இலையை யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டைக்குள் வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தியிருக்கிறார். இலை அப்படியே சட்டையில் பதிந்துவிட்டது. அதுதான் தன்னுடைய முதல் அச்சு என்கிறார். சட்டைக்காரர் கத்தியதைக்கூட நடித்துக் காட்டுகிறார்.

குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் அவருக்குச் சோறு போடும் தொழில். பதிப்பகத்தார் ஈரானியப் பெண் என்றால் கம்பளமும் மாதுளம்பழமும் நீலக் கும்மட்டமும் கேட்பார்களாம். "நான் பார்த்து வளர்ந்தது கார் நிறுத்துமிடம், அதைத்தான் எனக்கு வரையத் தெரியும்" என்பாராம் இவர். ஒரு புத்தகத்தில் கதாநாயகிச் சிறுமி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கிறாள். அது நன்றாக விற்றதாம்.

இனி விஷயம். உங்கள் அல்பத்தில் இருக்கும் அந்தப் படத்தை, நீங்களும் ஜெயகுமாரி அக்காவும் தொப்பியும் இறப்பர் ஏப்ரனும் போட்டுக்கொண்டு மீன் வெட்டும் மேசையில் சிரித்தபடி நிற்கும் படத்தை, கோடையில் நான் கைத்தொலைபேசியில் எடுத்து வந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது லாலேவுக்குக் காட்டினேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இவர்களுக்கு ஆட்சேபம் இருக்குமா?" என்று கேட்டார். "என் அண்ணனின் மனைவி, என்னை வளர்த்தவர். ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன்.

அது இப்போது பெரிய அச்சுப் படமாக வந்துகொண்டிருக்கிறது. லினோலியத் தகடு ஒன்றைச் செதுக்கி, வெளிறிய நிறம் ஒன்றை முதலில் எல்லாத் தாள்களிலும் அச்சிட வேண்டும். பிறகு அதே தகட்டை மேலும் செதுக்கி அடுத்த நிறம். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசியில் வருவது கறுப்பு. கண், மூக்கு, வாய் எல்லாம் அதில்தான் வரும். இத்துடன் இருப்பது மூன்று நிறம் முடிந்த ஒரு தாள். முகமில்லை என்று பயப்பட வேண்டாம். மாசி மாதம் கண்காட்சி. நடுச் சுவர் இந்தப் படத்துக்குத்தான்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்
ரஞ்சினி


பாட்ஸ்பியோர்ட்
19 ஒக்டோபர்

ரஞ்சினி,

கடிதமும் தாளும் கிடைத்தன. இங்கே சுகம்.

தாளை விரித்ததும் கத்தியை இடது கையில் வைத்திருப்பவள் ஜெயகுமாரி என்று நினைத்தேன். அவள்தான் இடது கைக்காரி. வலது கைக்காரிக்குப் பக்கத்தில் இடது கைக்காரி நின்றால் முழங்கையும் முழங்கையும் முட்டும்; கத்தி வைத்திருக்கிற இடத்தில் அது விளையாட்டில்லை. அதனால் அவளை எப்போதும் மேசையின் கடைசியில், கதவோரம் விட்டிருந்தார்கள். குளிர் முழுக்க அவளுக்கு. உன்னுடைய தாளில் கதவோரம் நிற்பவள் வலது கையில் கத்தி வைத்திருக்கிறாள். உள்ளே நிற்பவள் இடது கையில். உள்ளே நிற்பவள் நான். நான் ஒருநாளும் இடது கையால் மீன் வெட்டவில்லை. சோறுகூடப் பரிமாறவில்லை.

கொண்ணருக்குக் காட்டினேன். "வடிவாத்தானே இருக்கு" என்றார். முப்பத்தைந்து வருடம் என்னோடு இருந்தும் எந்தக் கையால் கறி கிண்டுகிறேன் என்று தெரியாத மனிதர்.

அது பிழை. ஆனால் பிழையை விடு. சரியாக வந்திருந்தாலும் எனக்கு வேண்டாம். என் முகத்தை எங்கேயும் போட வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் நிறுத்தச் சொல்லு.

மச்சாள்


ஒஸ்லோ
2 நவம்பர்

அன்புள்ள மச்சாள்,

பிழை என்னுடையது. அச்சில் எல்லாம் இடம் வலமாகத் திரும்பி வரும். ஆகவே வரைந்த தாளைக் கவிழ்த்துத்தான் தகட்டில் ஒட்ட வேண்டும். லாலேவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்ததால் அந்த வேலையை நான் செய்தேன். கவிழ்க்க மறந்துவிட்டேன். படத்தில் எழுத்து ஏதாவது இருந்திருந்தால் உடனே கண்டிருப்போம். இரண்டு பெண்கள், ஒரு மேசை, ஒரு கதவு; யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இங்கே எத்தனையோ ஓவியர்கள் பார்த்தார்கள். நீங்கள் ஒருவர்தான் கண்டுபிடித்தீர்கள்.

உங்கள் கடிதத்தை லாலேவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். உளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"நீ கேட்டுவிட்டாய் என்று சொன்னாய்."

"கேட்டதாகச் சொல்லவில்லை. பிரச்சினை இல்லை என்றுதான் சொன்னேன்."

"இரண்டும் ஒன்று என்று நினைத்தேனே" என்றார். முப்பது தாள்களும் உலர்த்தும் தட்டில் அப்படியே கிடக்கின்றன. மூன்று நிறத்தில், முகமில்லாமல்.

மச்சாள், நான் ஒன்று சொல்லலாமா? இது பத்திரிகை இல்லை. விளம்பரம் இல்லை. உங்களைப் போன்றவர்கள் அந்தக் குளிரில் நின்று செய்த வேலையை ஒருவர் மதித்து, மாதக்கணக்காகக் கைவலியோடு செதுக்கியிருக்கிறார். நான் வளர்ந்த வீட்டின் அடுப்பு அந்த வேலையில்தான் எரிந்தது. அது ஒரு சுவரில் இருக்க வேண்டும் என்று நான் விரும்பியதில் என்ன குற்றம்? லாலே வைகாசியில் திரும்பிப் போய்விடுவார். புதிய தகடு செதுக்கவும் தயார் என்கிறார், ஆனால் கண்காட்சிக்கு முன்னர் முடியாது. நீங்கள் வேண்டாம் என்றால் நடுச் சுவர் வெறுமையாகத்தான் இருக்கும். அதை அவரே சொல்லிவிட்டார். உங்கள் பதில் வரும்வரை தகட்டைத் தொடமாட்டாராம்.

இன்னொரு தரம் யோசியுங்கள்.

ரஞ்சினி


பாட்ஸ்பியோர்ட்
23 நவம்பர்

ரஞ்சினி,

யோசிக்கச் சொன்னாய். யோசித்தேன். இந்த மாதத்தில்தான் உன் கடிதம் வர வேண்டுமா என்று முதலில் யோசித்தேன்.

அந்தப் படத்தை எடுத்தவன் நிறுவனத்து ஆள். தொழிற்சாலை அறிவித்தல் பலகையில் போடத்தான் என்றான். சிரிக்கச் சொன்னான். ஜெயகுமாரி பக்கத்தில் நின்று, "சிரியடி, நீ சிரிச்சால் மீனும் சிரிச்சுக்கொண்டு பெட்டிக்குள்ளை போகும்" என்றாள். அதற்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய் அடுத்த வருடம் கலண்டரில் போட்டார்கள். நவம்பர் மாதம். அது ஊர்க் கடையில் தொங்கியது, தபால் கந்தோரில் தொங்கியது, படகுகளில் தொங்கியது. எங்கள் இருவரிலும் கிட்டத்தில் தெரிந்தது என் முகம்.

அதற்குப் பிறகு எனக்குப் பெயர் இல்லை. கடைக்குப் போனால், "ஹெய், நொவெம்பர்!" துறைமுகத்தில், "நொவெம்பர், இண்டைக்கு வெயில் இல்லையே!" வெயிலே வராத மாதம் என்பதால் அது அவர்களுக்குப் பெரிய பகிடி. மூத்தவன் பிறந்தபோது மருத்துவிச்சி என்னைப் பார்த்த உடனே, "ஓ, இது நொவெம்பர் அல்லவா!" என்றாள். நான் அங்கே வலியில் கிடக்கிறேன். கொண்ணரும் ஒருநாள், "நவம்பர், ஒரு தேத்தண்ணி தாரும்" என்றார். அன்றைக்கு அவர் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்தார். அடுத்த நாளும்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அதனால்தான் ஒருவரோடும் சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

மதித்துச் செய்கிறார் என்று எழுதியிருக்கிறாய். படம் எடுத்தவனும் மதித்துத்தான் எடுத்தான். ஆனால் அவனும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அவன் வெளியாள். உனக்குப் பன்னிரண்டு வயதில் இரட்டைப் பின்னல் பின்னி, சப்பாத்து வாங்கி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். நம்முடைய ஆள்தானே, கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டாய். நம்முடைய ஆள் என்றால் முதலில் கேட்க வேண்டும்.

ஜெயகுமாரியை எப்படிக் கேட்கப் போகிறாய்? அவள் போன வருடம் போய்விட்டாள். மகள் துஷ்யா துரொண்ட்ஹெய்மில் இருக்கிறாள். அவளையாவது கேட்டாயா?

அந்தப் பிள்ளை தன் தாயை வரைந்திருக்கிறாளா? வரைந்திருந்தால் முகம் போட்டாளா? அதைக் கேட்டு எழுது.

மச்சாள்


ஒஸ்லோ
15 டிசெம்பர்

மச்சாள்,

கேட்டேன். லாலே அலுமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு சட்டை, அதன் மேல் நீராவி, இரண்டு கைகள். அவ்வளவுதான். தாய்க்கு முதலில் முகத்தோடு வரைந்து காட்டினாராம். தாய் பார்த்துவிட்டு, "இது என் முகம், நானே வைத்திருக்கிறேன். உனக்குக் கை வேண்டுமென்றால் எடுத்துக்கொள்" என்றிருக்கிறார். அன்றிலிருந்து, யாரை வரைந்தாலும் முதல் தாள் அந்த ஆளுக்கே போகும். பதில் வராமல் முகம் செதுக்குவதில்லை. உங்களுக்கு அந்தத் தாளை அனுப்பச் சொன்னதும் லாலேதான். வெறுமனே அன்பளிப்பு என்று நினைத்து நான் அனுப்பினேன்.

பள்ளிக்கூடத்தில் என் வகுப்பறையிலும் அந்தக் கலண்டர் தொங்கியது. உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. ஆசிரியை நவம்பர் முதலாம் திகதி தாளைத் திருப்பியபோது, "இது ரஞ்சினியின் வீட்டு ஆள்" என்று எல்லோருக்கும் சொன்னார். எனக்கு அப்போது நோர்வேஜிய மொழி நாலு சொல்தான் தெரியும். அந்த மாதம் முழுவதும் பிள்ளைகள் என்னோடு விளையாடினார்கள். அதனால் அதை ஒரு சந்தோஷமான படமாகவே இத்தனை வருடம் வைத்திருந்தேன். கடையில் உங்களை அப்படிக் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நீங்கள் சிரித்தீர்கள் என்றுதான் நினைவு.

போன கிழமை ரயிலில் துரொண்ட்ஹெய்முக்குப் போய் துஷ்யாவைக் கண்டேன். தொலைபேசியில் கேட்கலாம்தான். ஆனால் போனேன். தாளைக் காட்டினேன், எல்லாம் சொன்னேன். அவள் எழும்பிப்போய் ஒரு சட்டகத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதே நவம்பர் தாள். "அம்மா வீடு மாறின நேரமெல்லாம் இதைத்தான் முதல் கொழுவுவா. 'நான் மொடலாக்கும்' எண்டு சொல்லுவா. மலரக்கா மறைக்கிறா எண்டு மட்டும் அவவுக்குக் கவலை. முகத்தைப் போடுங்கோ அன்ரி. நல்லாப் பெரிசாப் போடுங்கோ" என்றாள்.

இனி உங்களிடம் ஒன்றும் வற்புறுத்த மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம். தாள்களை லாலே தானே கிழிப்பார். கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்: நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?

ரஞ்சினி


பாட்ஸ்பியோர்ட்
20 ஜனவரி 2025

ரஞ்சினி,

பதில் பிந்திவிட்டது. புயலில் விமானமும் இல்லை, கப்பலும் துறைமுகத்துக்குள் வரவில்லை. நேற்றுத்தான் தபால் எடுத்தார்கள். சூரியன் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான். வெளிச்சம் மட்டும் வந்து போகிறது.

உன் கடிதத்தைக் கொண்ணருக்கு வாசித்துக் காட்டினேன். "மொடலாக்கும்" என்ற இடத்தில் அவர் சிரித்து, இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அவள் அப்படிச் சொல்லியிருப்பாள். அவளுக்கு வெள்ளைத் தொப்பி வடிவு என்று அவளே சொல்லுவாள். கதவோரம் குளிர் என்று ஒருநாளும் முறையிடவில்லை. அங்கே நின்றால் படகுகள் வருவது தெரியும் என்பாள். நான் மறைத்தேன் என்று அவள் கவலைப்பட்டது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரு அடி விலகியிருப்பேன்.

நீ துரொண்ட்ஹெய்முக்குப் போனது நல்லது.

அந்தப் பிள்ளைக்குச் சொல்லு. ஜெயகுமாரியின் முகத்தைப் போடட்டும். மகள் கேட்டபடி போடட்டும். கண்ணுக்குக் கீழே சின்ன மச்சம் இருந்தது, படத்தில் தெரியாது, அதையும் போடட்டும். என் முகம் வேண்டாம். என்னை வெட்டி எடுக்கவும் வேண்டாம். அவள் தனியாக நின்றால் அந்த மேசை அந்த மேசை இல்லை. தொப்பி, ஏப்ரன், கை, எல்லாம் இருக்கட்டும். அந்தத் தாய் சொன்னமாதிரித்தான். முகத்தை நான் வைத்திருக்கிறேன்.

கை பிழையாக இருக்கிறதே என்று புதிதாகச் செதுக்க வேண்டாம். மணிக்கட்டு வீங்கின ஆள். எனக்கும் இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன, அந்த வலி தெரியும். இரவில் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கையை வைக்கச் சொல்லு.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. அம்மருட்டில் உன் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் கடையில் வறுத்து இடித்தது இருந்தால் அனுப்பு.

மச்சாள்


ஒஸ்லோ
9 மார்ச்

அன்புள்ள மச்சாள்,

மிளகாய்த்தூள் தனிப் பொதியில் வருகிறது. படத்தோடு வைத்தால் தாள் மணக்கும் என்று லாலே பயந்தார்.

நீங்கள் எழுதியபடியே செய்தார். உங்கள் கடிதம் வந்த கிழமையில் கறுப்புக்காகக் கடைசியாகச் செதுக்கினார். ஜெயகுமாரி அக்காவின் முகத்துக்கு இரண்டு நாள் எடுத்தது. மச்சம் ஓர் ஊசிமுனை அளவு. உங்கள் முகம் இருக்க வேண்டிய இடத்தைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டார். அதனால் அங்கே கறுப்பு ஒட்டவில்லை. அடியில் முதலே அச்சிட்ட வெளிர் மஞ்சள் அப்படியே நிற்கிறது. தொப்பிக்குக் கீழே ஒரு வெளிச்சம் போலத் தெரிகிறது. அப்படி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழகாக இருக்கிறது என்றும் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

கண்காட்சி நடந்தது. நடுச் சுவரில் இருந்தது. பலர் வந்து நின்று, ஏன் ஒருவருக்கு மட்டும் முகம் இல்லை என்று கேட்டார்கள். நாடு இழந்தவர்களின் அடையாளம் என்று தாங்களாகவே ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள். ஒரு தமிழ்நாட்டுப் பெண் என்னிடம், "ரொம்ப சிம்பாலிக்கா இருக்குங்க" என்றார். லாலே எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "அவர் வேண்டாம் என்றார்." பாதிப் பேருக்கு அது ஏமாற்றம்.

கண்காட்சிக்குப் பிறகு தகட்டின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கீறிவிட்டார். இனி யாரும் அதிலிருந்து அச்சிட முடியாது. அது இந்தத் தொழிலில் வழக்கம். கீறும்போது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பிறகு வெளியே போய்க் கோப்பி குடித்தோம். உப்புத் தண்ணீர் வைத்தியம் வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார்.

ஒரு பிரதி துஷ்யாவுக்குப் போய்விட்டது. இது உங்களுக்கு. மாட்ட வேண்டும் என்றில்லை.

ரஞ்சினி


பாட்ஸ்பியோர்ட்
27 ஏப்ரல்

அன்புள்ள ரஞ்சினி,

தூளும் வந்தது, படமும் வந்தது. தூள் கொஞ்சம் உறைப்புக் குறைவு.

படத்தை முதலில் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பிறகு ஒருநாள் நானே எடுத்துப் பார்த்தேன். ஜெயகுமாரி அப்படியே இருக்கிறாள். ஆனால் அவள் வலது கையால் மீன் வெட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாசலுக்குள் வந்ததும் சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறதல்லவா? அதற்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னேன்.

"விசரே உமக்கு? அந்த இருட்டு மூலையிலை ஆர் பார்க்கிறது?"

"மாட்டிப்போட்டுக் கண்ணாடியிலை பாரும்."

பார்த்தார். கண்ணாடியில் எல்லாம் திரும்பி நேராக வருகிறது. அவளுக்கு இடது கையில் கத்தி. எனக்கு வலது கையில். "ஓம், இப்ப சரி" என்றார். எது சரி என்று அவருக்குத் தெரியுமோ தெரியாது.

போன சனிக்கிழமை உலாவ் வந்தார். உனக்கு நினைவிருக்கும்; நீலப் படகு, பெரிய தாடி, உன்னை ஒருதரம் துறைமுகத்திலிருந்து தோளில் தூக்கி வந்தவர். வயது போய்விட்டது, இன்னும் எங்களுக்கு மீன் கொண்டுவந்து தருகிறார். வாசலிலேயே, "ஹெய், நொவெம்பர்!" என்றார். குனிந்து பூட்ஸைக் கழற்றினவர் நிமிர்ந்தபோது கண்ணாடியில் படத்தைக் கண்டுவிட்டார். கிட்டப் போய்ப் பார்த்தார்.

"இது ஜெயா" என்றார். அவளையும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"ஓம்."

"மற்றது யார்? முகம் இல்லையே."

கலண்டரை அவர் படகில் வருடக்கணக்காகக் கழற்றாமல் வைத்திருந்தவர். அதே படம்தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான்தான்" என்றேன். "ராசமலர்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை போல. "ராஷ்... மலார்?" என்றார். இன்னொரு தரம் சொல்லிக் கொடுத்தேன். மீனைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை.

பரவாயில்லை. பழகட்டும்.

இப்படிக்கு
ராசமலர்